வீட்டெஜமான்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃப்ரூனிகஸ் என்னும் கிரேக்க இலக்கணக்காரர், ஆத்தென்ஸ் நகரத்துப் பழைய வழக்கின் தூய்மை நாளுக்கு நாள் கெட்டு வருகிறதென்று மனம் நொந்து, கற்றவர் வாயில் வரத்தகாதவை என்று தாம் கருதிய சொற்களைத் தொகுத்து ஒரு நூலாகச் செய்துவைத்தார். அதில் விலக்கப்பட்ட சொற்களுள் ஒன்று ‘ஒய்கொதெஸ்பொதேஸ்’ என்பது. வீட்டையும் எஜமானையும் தனித்தனிச் சொற்களாக நிறுத்திச் சொல்வதே முறை, அலெக்ஸிஸ் என்ற நாடகாசிரியர் எழுதியதுபோல் இரண்டையும் பிணைத்து ஒரே சொல்லாக வழங்குவது ஆகாது என்பது ஃப்ரூனிகஸின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு எழுதப்படுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாலஸ்தீனத்து வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பற்றிய கதைகளைக் கிரேக்க மொழியில் எழுதிவைத்த சுவிசேஷகர்கள், பண்டிதர் என்ன சொல்வாரோ என்ற கவலை சிறிதுமின்றி அச்சொல்லையே எடுத்தாண்டுவிட்டார்கள். எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதற்கு இடமில்லை. ஆகவே அது தேவாலயத்திலிருந்து வந்த சொல்லன்று. குத்தகையும் கூலியும் விதைப்பும் அறுப்பும் பேசப்படுகிற இடத்திலிருந்து வந்த சொல்.

அதன் இரண்டு பாதிகளும் கனமானவை. ‘ஒய்கோஸ்’ என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல; மனைவி மக்கள், அடிமைகள், ஆடுமாடுகள், களஞ்சியம், மூதாதையர் வழிவந்த வழிபாடு ஆகிய அனைத்தும் சேர்ந்த குடித்தனம் முழுவதும் அதில் அடங்கும். ‘தெஸ்பொதேஸ்’ என்பதோ அடிப்படையில் அடிமையை உடையவனின் பெயர். அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் முதற்பாகத்தில் குடும்பத்தைப் பகுத்துக் காட்டும்போது, ஆண்டான்–அடிமை, கணவன்–மனைவி, தந்தை–மக்கள் என்று மூன்று உறவுகளைச் சொல்லி, அவற்றுள் முதல் உறவுக்கே தெஸ்பொதேஸின் அதிகாரத்தை உரியதாக்கினார். கொடுங்கோலனைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் இன்று வழங்கும் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. வேதத்தை லத்தீனில் தந்த ஜெரோம் பெரும்பாலும் ‘பாத்தெர் ஃபமிலியாஸ்’ என்ற சொல்லை இதற்கு ஈடாக வைத்தார்; அது மக்களின் உயிர்மீதும் உரிமை பெற்றிருந்த ரோமானியத் தந்தையின் சட்டப்பெயர். தமிழில் பெயர்த்தவர்கள் ‘வீட்டெஜமான்’ என்றார்கள். எஜமான் என்பது வடமொழியில் யஜமானன், அதாவது யாகத்தை நடத்துவிப்பவன். மந்திரம் சொல்பவர்கள் புரோகிதர்களாயினும் திரவியச் செலவும் தீட்சையின் விரதமும் அவனுடையவை. மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்களோ, அன்றாட வழக்கை அப்படியே எடுத்துக்கொண்டார்களோ, எப்படியாயினும், அடிமைச் சந்தையின் வாடை வீசும் மூலச் சொல்லைவிட, செலவை ஏற்பவன் என்ற இந்தப் பொருளே சுவிசேஷக் கதைகளுக்கு நெருங்கி நிற்கிறது என்பது என் எண்ணம்.

அக்காலத்தில் இச்சொல் ஏறிய உயரங்களும் உண்டு. சோதிடர்கள் ராசியை வீடு என்று கொண்டு, அதற்கு அதிபதியான கிரகத்தை ஒய்கொதெஸ்பொதேஸ் என்று அழைத்தார்கள். தாலமியின் சோதிட நூலில் இந்தப் பிரயோகத்தைக் காணலாம். ஹோரை, கேந்திரம் முதலிய சொற்கள் கிரேக்கரிடமிருந்து வடமொழி வழியாக நம் பஞ்சாங்கம் வரை வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால், ராசியை வீடாகவும் கிரகத்தை அதன் அதிபதியாகவும் நாம் பேசும் பேச்சுக்கும் அந்தச் சோதிடத்துக்கும் உள்ள உறவு விளங்கும். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற தத்துவஞானி எபிக்டெட்டஸ், இந்த உலகமென்னும் மாநகரத்திலும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்கும் ஒரு வீட்டெஜமான் உண்டு என்று மாணாக்கர்களுக்குப் போதித்தார். வானத்தில் இருந்தாலும் பிரபஞ்சத்தின் நடுவில் இருந்தாலும் இந்த எஜமானர்கள் ஒரு விஷயத்தில் ஒத்திருக்கிறார்கள். அவர்கள் இருந்த இடத்தில் இருந்துகொண்டு நியமிக்கிறார்கள், மற்றவை அசைகின்றன.

சுவிசேஷங்களில் நாம் சந்திக்கும் எஜமான் அப்படிப்பட்டவனல்லன். புதிய ஏற்பாட்டில் இப்பெயர்ச்சொல் வருவது 12 இடங்களில். மத்தேயுவில் 7, லூக்காவில் 4, மாற்குவில் 1. யோவான் அதை வழங்கவே இல்லை. அந்தப் பன்னிரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவனுக்கு முதலில் புலப்படுவது, இந்த மனிதன் ஓய்ந்து உட்கார்ந்திருப்பதைக் காண்பது மிக அரிது என்பதே. அகராதி அவனுக்கு அதிகாரத்தைக் கொடுக்கிறது. கதைகளோ அவனை எழுப்பிவிடுகின்றன, வெளியே அனுப்புகின்றன, இரவில் விழித்திருக்கச் சொல்கின்றன, கடைசியில் பழியையும் அவன்மேலேயே சுமத்துகின்றன. வீட்டெஜமான் என்ற சொல்லின் பொருளை இந்த நடமாட்டத்தில் தேட வேண்டுமென்றே எனக்குத் தோன்றுகிறது.

மத்தேயுவின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கதையை எடுத்துக்கொள்வோம். பொழுது புலரும்போதே ஒரு வீட்டெஜமான் கூலியாட்களை அமர்த்தப் புறப்படுகிறான். நாளொன்றுக்கு ஒரு தெனாரி என்று பேசி முடித்து முதல் கூட்டத்தாரைத் தோட்டத்துக்கு அனுப்புகிறான். மறுபடியும் மூன்றாம் மணி வேளையிலும், ஆறாம் மணி வேளையிலும், ஒன்பதாம் மணி வேளையிலும் சந்தைவெளிக்குப் போகிறான். சூரியோதயத்திலிருந்து பன்னிரண்டு மணியாகப் பகலைப் பகுத்த அக்காலக் கணக்கில் இவை நம் காலை 9 மணியும் நண்பகலும் பிற்பகல் 3 மணியும் ஆகும். கடைசியாகப் பதினோராம் மணி வேளையில், அதாவது வேலை ஓய்வதற்கு ஒரு மணி நேரமே இருக்கும் மாலை 5 மணிக்கு, ஐந்தாம் முறையாகப் போகிறான். நம் ஊர் நாற்சந்திகளில் விடியற்காலையில் சட்டிக் கரண்டியோடும் தூக்குவாளியோடும் வந்து நிற்கிற கொத்தனார்களையும் சித்தாட்களையும் பார்த்தவர்களுக்கு, பத்து மணிக்கு மேலும் அங்கேயே நின்றுகொண்டிருப்பவரின் முகம் எப்படி இருக்குமென்று தெரியும்; மாலை ஐந்து மணிவரைக்கும் நின்றவனின் முகத்தை அந்த எஜமான் பார்த்தான். ஏன் பகலெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று அவன் கேட்க, தங்களை வேலைக்கு அழைத்தவர் ஒருவருமில்லை என்று அவர்கள் சொல்ல, அந்த விடையை அவன் சோதித்துப் பார்க்கவில்லை, சோம்பேறிகள் என்று வையவுமில்லை. முதல் கூட்டத்தாருக்குக் கூலி பேசப்பட்டது. அடுத்தவர்களுக்கு நியாயமானது கிடைக்குமென்று வாக்குக் கொடுக்கப்பட்டது. கடைசியாக வந்தவர்களுக்கோ மிகப் பழைய ஏடுகளின்படி எந்த வாக்கும் இல்லை. பின்னால் வந்த ஏடுகளில் அவர்களுக்கும் ஒரு வாக்குறுதி சேர்ந்திருக்கிறது. ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போனார்கள் என்பதை விட்டுவைக்க எவருக்கோ மனம் வரவில்லை போலும்.

இந்தக் கதையில் பலர் கவனியாமல் கடந்துபோகிற செய்தி ஒன்றுண்டு. பொழுது சாய்ந்ததும் அந்த மனிதன் தன் காரியஸ்தனை அழைத்துக் கூலியைக் கொடுக்கச் சொல்கிறான். அப்படியானால் அவனுக்குக் காரியஸ்தன் இருந்தான். காரியஸ்தன் உள்ள வீட்டில் சந்தைவெளிக்கு ஆள் பிடிக்கப் போவது யாருடைய வேலை? விடியலில் ஒருமுறை எஜமான் போனான் என்றால்கூட அறுவடைக்கால அவசரம் என்று கொள்ளலாம். உச்சி வெயிலிலும் பிற்பகலிலும் மாலையிலும் அவனே போனான். கூலி கொடுக்கும் வேலையைத்தான் காரியஸ்தனிடம் விட்டான். சொற்கள் வைக்கப்பட்டிருக்கும் வரிசையும் இதனோடு ஒத்துப்போகிறது. பணம் கொடுக்க ஆணையிடும் இடத்தில் மத்தேயு அவனைத் தோட்டத்தின் ‘கூரியோஸ்’, அதாவது உடையவன், என்று குறிக்கிறார். விடியலில் வெளியே புறப்படும் இடத்திலும், முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கும் இடத்திலும் மட்டுமே ஒய்கொதெஸ்பொதேஸ் என்ற சொல் வருகிறது. தெருவில் நடப்பவனும் ஏச்சுக் கேட்பவனுமாக அவன் இருக்கும்போதுதான் வீட்டெஜமான் என்ற பெயர் அவனைச் சேர்கிறது.

முறுமுறுத்தவர்களின் நியாயத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பகலின் பாரத்தையும் வெயிலையும் சுமந்தவனுக்கும் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி என்றால், உழைப்பவனுக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும். அவர்களுள் ஒருவனைத் தோழா என்று விளித்து எஜமான் சொல்லும் மறுமொழியில், தன் பொருளைத் தன் விருப்பம்போல் வழங்கத் தனக்கு உரிமை உண்டு என்ற வாதம் வருகிறது. சொத்துடையவன் எவனும் எக்காலத்திலும் சொல்லிவந்த வாதம் அது. கூலியைக் குறைப்பதற்கும், ஆளை நிறுத்துவதற்கும், குத்தகைக்காரனை வெளியேற்றுவதற்கும் அந்த வாதமே ஆயுதமாக இருந்திருக்கிறது. இங்கே அதே வாதம் கூலியைக் கூட்டிக்கொடுப்பதற்காகப் பேசப்படுகிறது. ஒரு தெனாரி என்பது ஒரு குடும்பம் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதற்கான காசு. ஒரு மணி நேர வேலைக்குரிய பங்கை மட்டும் அளந்து கொடுத்திருந்தால் கணக்கு நேராயிருக்கும், கடைசியாக வந்தவனின் பிள்ளைகள் பசியோடு படுத்திருக்கும். எளியவனின் கூலியை அன்று பொழுது சாயுமுன்னே கொடுத்துவிட வேண்டுமென்று உபாகமம் விதித்திருந்ததன் காரணமும் அந்த அடுப்புத்தானே!

இந்த ஒரு கதை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறதென்று நினைத்தால் வியப்பாயிருக்கிறது. ஜான் ரஸ்கின் 1860-ஆம் ஆண்டில் பொருளாதார சாஸ்திரத்தின் இரக்கமின்மையைக் கண்டித்து எழுதிய நான்கு கட்டுரைகளுக்கு, இந்த எஜமான் கடைசியாக வந்தவனைக் குறித்துச் சொன்ன சொல்லிலிருந்தே தலைப்பை எடுத்தார். 1862-இல் அவை நூலாக வந்தன. 1904-இல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியடிகளின் கையில் அந்த நூலை போலக் என்ற நண்பர் கொடுக்க, அவர் அதை இரவெல்லாம் விழித்திருந்து படித்து, படித்ததன்படி வாழ்வதென்று தீர்மானித்தார். அந்த ஆண்டிலேயே ஃபீனிக்ஸ் பண்ணை உண்டாயிற்று; அங்கே அச்சுக்கோப்பவனானாலும் நிலத்தைக் கொத்துகிறவனானாலும், நிறமும் தேசமும் பாராமல், மாதம் 3 பவுன் எல்லோருக்கும் ஒரே கூலி என்பது ஏற்பாடு. பின்னர் அவர் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் எழுதியபோது ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். நம் ஊர்க் கதர்க்கடைப் பலகைகளில் அச்சொல்லைப் படித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர், அதன் வேரில் ஒரு வீட்டெஜமான் ஐந்தாம் முறையாகச் சந்தைவெளிக்கு நடந்து போனதை அறிவோம்?

பகலில் நடக்கும் இந்த எஜமானுக்கு இரவிலும் உறக்கமில்லை. திருடன் வரும் ஜாமம் தெரிந்திருந்தால் அவன் விழித்திருந்து தன் வீட்டில் கன்னம் வைக்க விடமாட்டான் என்று மத்தேயுவிலும் லூக்காவிலும் ஓர் உவமை வருகிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினை சுவரைத் தோண்டுதல் என்பதையே குறிப்பது. மண்ணாலும் பச்சைச் செங்கல்லாலும் எழுப்பிய சுவர்களுள்ள தேசத்தில் திருடன் கதவோடு மல்லுக்கட்டுவதில்லை, சுவரைக் குடைகிறான். மண்சுவர் வீடுகளில் பிறந்த தமிழும் ‘கன்னம்’ என்ற சொல்லை வைத்திருந்தபடியால், அந்த வினை தமிழ் வேதாகமத்தில் சற்றும் சிதையாமல் வந்து அமர்ந்தது. சுவருக்கு அப்பால் மண் உதிரும் ஓசைக்குச் செவி கொடுத்து இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பவனை அக்கதை காட்டுகிறது. வீடு முழுவதும் உறங்குகிறது. உறங்காதிருப்பது எஜமானின் கடமை.

களையைப் பற்றிய கதையிலும், கதிர் வரும்வரையில் கோதுமையினின்று பிரித்தறிய முடியாத அந்தப் புல்லைப் பிடுங்கிவிடலாமா என்று வேலைக்காரர்கள் துடிக்க, கோதுமையும் சேர்ந்து வந்துவிடுமே என்று பொறுத்திருப்பவன் இவனே. பரலோக ராஜ்யத்துக்குச் சீடனான வேதபாரகன், தன் பொக்கிஷத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் எடுத்துக் கொடுக்கும் வீட்டெஜமானை ஒத்தவன் என்று மற்றோரிடத்தில் வருகிறது. அங்கே புதியது முன்னும் பழையது பின்னுமாக வைக்கப்பட்டிருப்பது, மரபைக் காப்பவர்கள் நின்று படிக்கவேண்டிய வரிசை.

இவ்வளவு சொல்லி நிறுத்திவிட்டால் நான் நேர்மையாக நடந்தவனாக மாட்டேன். இந்த எஜமானின் வீட்டில் அடிமைகள் இருக்கிறார்கள்; களையைப் பற்றிக் கேட்டவர்களும், விருந்துக்கு ஆள் அழைக்க ஓடியவனும் மூலத்தின்படி கூலிக்காரர்களல்லர், அடிமைகள். கதை அதைக் கண்டிப்பதில்லை. அந்த வீட்டின் தரையைப்போல அது கிடக்கிறது. பிற்காலத்தில் அடிமை வியாபாரம் செய்த கிறிஸ்தவ தேசங்கள் இந்தப் பக்கங்களையும் தங்களுக்குச் சாட்சியாக்கிக்கொண்டன. லூக்காவின் 13-ஆம் அதிகாரத்தில் வீட்டெஜமான் எழுந்து கதவைச் சாத்துகிறான். வெளியே நின்று தட்டுகிறவர்கள், உம்மோடு உண்டோமே, எங்கள் வீதிகளில் நீர் போதித்தீரே என்று பழைய பழக்கத்தைச் சொல்லி மன்றாடியும் திறக்க மறுக்கிறான். அடுத்த அதிகாரத்தில் அதே பெயருடைய ஒருவன், அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் சாக்குச் சொல்லி வராதொழிய, கோபங்கொண்டு, நகரத்தின் தெருக்களிலும் சந்துகளிலும் உள்ள ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் முடவரையும் கொண்டுவரச் சொல்கிறான். உறவு பாராட்டியவனுக்குச் சாத்திய கதவு, உரிமை ஏதுமில்லாதவனுக்குத் திறந்தது என்று இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆயினும் சாத்திய கதவின் கடுமை அதனால் கரைந்துபோவதில்லை. அந்த விருந்துக் கதையின் இறுதியில், வழியிலுள்ளவர்களை வற்புறுத்தி அழைத்துவா என்று எஜமான் சொல்லும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன், வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாத்து சபையாரை அரசாங்கத்தின் பலத்தால் திருச்சபைக்குள் கொண்டுவருவது தகும் என்று வாதித்தார். தங்களுக்கு விருந்தா என்று கூசி நிற்கும் ஏழையின் கையைப் பற்றி இழுக்கும் உபசாரத்தை, கட்டாயப்படுத்தும் சட்டமாகப் படித்தார் அந்த மகான். அதன் விளைவுகள் ஐரோப்பாவில் நெடுங்காலம் நின்றன.

பன்னிரண்டு இடங்களிலும் என்னை மிகவும் தடுத்து நிறுத்துவது மத்தேயுவின் 10-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சீடர்களை ஊர் ஊராக அனுப்பும்போது, வீட்டெஜமானையே பெயெல்செபூல் என்று ஏசியவர்கள் வீட்டாரை எவ்வளவு அதிகமாய் ஏசுவார்கள் என்று இயேசு எச்சரிக்கிறார். செபூல் என்ற எபிரேயச் சொல்லுக்கு உறைவிடம் என்னும் பொருள் உண்டாதலால், ‘உறைவிடத்தின் தலைவன்’ என்ற வசைக்கு வீட்டெஜமான் என்ற சொல் சிலேடையாக நிற்கிறதென்று வேத ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். சிலேடை இருக்கட்டும். இப்படித் தம்மை வீட்டெஜமானாகச் சொல்லிக்கொண்டவர், அதே சுவிசேஷத்தில் இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால், தலைசாய்க்கத் தமக்கு இடமில்லை என்று சொன்னவர். நிலமில்லை, களஞ்சியமில்லை, அடிமையில்லை, மனைவி மக்கள் இல்லை. அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று உறவுகளுள் ஒன்றுகூட அவரிடம் இல்லை. கடைசி இராப்போஜனத்துக்குக்கூடத் தண்ணீர்க்குடம் சுமந்துபோகும் ஒரு மனிதனைப் பின்தொடர்ந்து, பெயர் தெரியாத வேறொரு வீட்டெஜமானிடம் மாடி அறையைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. உடைமை என்று ஒன்றுமில்லாதவரிடம் அந்தப் பெயரில் மிஞ்சியிருந்தது, வீட்டாருக்கு வரும் ஏச்சை முதலில் தாம் வாங்கிக்கொள்ளும் நிலை ஒன்றே.

கலியாண வீடுகளிலும் பிரசங்க மேடைகளிலும் குடும்பத்தின் தலைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களுக்கு வருவதில்லை; எபேசியருக்கு எழுதின நிருபத்தில் கணவனை மனைவிக்குத் தலை என்று சொல்லும் இடத்துக்கே போகிறார்கள். அங்கே உள்ள கிரேக்கச் சொல் உடம்பின் தலையைக் குறிக்கும் ‘கெஃபலே’. வீட்டெஜமானோடு அதற்குச் சொல்லளவில் சம்பந்தமில்லை. தமிழில் தலையும் தலைவனும் ஒரே வேரில் நிற்பதால் நமக்கு இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன. வீட்டெஜமான் என்ற சொல்லின் வினைவடிவம் புதிய ஏற்பாட்டில் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது; அந்த இடத்தில் அதற்கு எழுவாய் ஆணல்ல. தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், இளம் விதவைகள் மணம் செய்துகொண்டு, மக்களைப் பெற்று, வீட்டுக்கு எஜமானாயிருக்க வேண்டும் என்று வருகிறது. அந்த நிருபம் பெண்களிடம் தாராளம் காட்டும் நிருபமன்று. அவர்கள் சபையில் உபதேசிக்கக் கூடாதென்று தடை விதிப்பதும் அதுவே. ஆனாலும் தெஸ்பொதேஸ் என்ற கனத்த சொல்லை உள்ளடக்கிய அந்த வினையை அவர்கள் கையில் கொடுக்க அது தயங்கவில்லை. வீட்டை நடத்துதல் என்று தமிழ் வேதாகமம் அதை மெலிதாக்கியது. பிற மொழிகளிலும் அது வீட்டு வேலை பார்ப்பதென்ற அளவுக்குச் சுருங்கியதுண்டு.

நடைமுறையிலோ அந்தப் பெண்கள் வினையின் முழுக் கனத்தையும் சுமந்தவர்கள். பிலிப்பி பட்டணத்தில் இரத்தாம்பரம் விற்ற தியத்தீராவூர் லீதியாள் தன் வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்று, பவுலைத் தன் வீட்டில் வந்து தங்கும்படி வற்புறுத்தினாள். கணவன் என்று ஒருவன் அங்கே பேசப்படவில்லை. மாற்கு என்னும் யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் எருசலேம் சபை கூடி இரவில் ஜெபித்தது. கொலோசெயருக்கு எழுதின நிருபத்தின் முடிவில் நிம்பா என்பவருக்கும் அவர் வீட்டில் கூடும் சபைக்கும் வாழ்த்து அனுப்பப்படுகிறது. அந்தப் பெயர் அங்கே நிற்கும் வேற்றுமையில், ஒலிக்குறி ஒன்று மாறினால் ஆண்பெயராகவும் பெண்பெயராகவும் படிக்கக் கூடியது; பழைய ஏடுகளில் ஒலிக்குறிகள் எழுதப்படுவதில்லை. வத்திக்கான் ஏட்டில் அது ‘அவளுடைய வீடு’ என்றிருக்கிறது. சீனாய் ஏட்டில் ‘அவர்களுடைய வீடு’. பின்வந்த ஏடுகள் பலவற்றில் ‘அவனுடைய வீடு’. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமமும் அவளை ஆண்மகனாகவே படித்தது. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அறிஞர்கள் அண்மைக் காலத்தில்தான் வத்திக்கான் ஏட்டின் பாடத்தை ஏற்று, லவோதிக்கேயாவின் சகோதரரோடு சேர்த்து வாழ்த்தப்பட்ட அந்த வீட்டை மறுபடியும் நிம்பாவின் பெயரில் எழுதியிருக்கிறார்கள்.